கள்ளமில்லை, வலி
(மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சை இன்று ஒரு கரையில் வைப்போம். என் மகள் பத்தாம் ஆண்டு படித்த நேரம், காலையில் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவாள். வெளிக்குப் போனால் கொஞ்சம் சுகம், பிறகும் நோவு. ஒரு கிழமை வயிற்றோட்டம், மறுகிழமை மலச்சிக்கல். 'கள்ளப் புள்ள' என்று ஏசினேன். ஒருமுறை கையும் நீட்டிவிட்டேன். கடைசியில் இரண்டு நாள் கூலியை விட்டு, பாதையேறி வாவி கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரத்தம், மலம், ஸ்கேன், எல்லாம் சரி. "அப்ப நடிக்கிறாள்தானே?" என்று கேட்டேன். டொக்டர் இல்லை என்றார்.

அதற்குப் பெயர் ஐ.பி.எஸ். குடலில் புண்ணுமில்லை, கட்டியுமில்லை. ஆனால் வலி மெய். குடலும் மூளையும் நரம்பு வழியாக எந்நேரமும் பேசிக்கொள்கின்றன. பயமும் யோசனையும் கூடினால் குடல் ஒன்றில் விறுவிறென்று ஓடும், இல்லாவிட்டால் மந்தமாகும். நரம்பும் கூர்மையாகி, சாதாரண வாயுவே குத்தாக நோகும். நம் நாட்டில் நான்கு மாகாணங்களில் 10 முதல் 16 வயதுவரையான 2163 மாணவரிடம் விசாரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், எட்டில் ஒருவருக்கு இந்த மாதிரி வயிற்றுக் கோளாறு இருந்தது. பெண்பிள்ளைகளிடமும், மனதை வருத்தும் சம்பவங்களைக் கண்ட பிள்ளைகளிடமும் அது கூடுதல்.

என் மகளுக்கு என்ன யோசனை? பள்ளி மலசலகூடத்தில் கொழுக்கி இல்லை, தண்ணீர் இல்லை. பின்னேரம்வரை அடக்கிவைப்பாள். மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். அதைச் சொல்ல அவளுக்கு ஆறு மாதம் எடுத்தது. நான் கேட்கவுமில்லை.

விடிய அரை மணி முந்தி எழுப்பி, அவசரமில்லாமல் வெளிக்குப் போகவிட்டேன். வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. உறைப்பைக் குறைத்தேன். கடையில் காஸ்ரிக் குளிசை வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்தினேன். வலி அடியோடு போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிறாள்.

மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, காய்ச்சல், ஓயாத வாந்தி, நித்திரையைக் குழப்பும் வலி, வலப்பக்க அடிவயிற்றில் விடாத நோவு இருந்தால் கைமருந்து வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதும் வலிக்குப் பின்னால் இருக்கலாம். தனியாக இருத்தி, ஏசாமல் கேளுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநலத்துக்கு 1926.

பிள்ளையைக் கிளினிக் கொண்டுபோகும் நாளுக்குக் கூலி வெட்டக்கூடாது என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன். மலசலகூடத்துக்குக் கொழுக்கி போட அதிபர் சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தச்சுவேலை தெரிந்த இரண்டு பேர் வேண்டும். அப்பாமாரே, பெயரைத் தாருங்கள்.