முன்விளக்கின் சாய்வும் சாலைப் பாதுகாப்பும்

(ஓர் உரையின் வடிவம்)

சாலைப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சுகளில் வேகம், மதுபோதை, தலைக்கவசம், சாலைகளின் நிலை ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. மோட்டார் வாகனத்தின் முன்விளக்கு எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற கேள்வி மிக அரிதாகவே எழுகிறது. அது மெக்கானிக்கின் பொறுப்பு என்று வாகன உரிமையாளர் கருதுகிறார். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு மெக்கானிக்கின் பொறுப்பும் முடிந்துவிடுகிறது. ஆனால், இரவில் ஓட்டுநர் எவ்வளவு தூரம் காண்கிறார் என்பதையும், எதிரே வருபவரால் எதையேனும் காண முடிகிறதா என்பதையும் ஒருசேரத் தீர்மானிப்பது அந்தக் கோணமே.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையுள்ள மூன்று மணி நேரமே விபத்துகள் மிகுந்த நேரம் என்பதை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அந்நேரத்து நெரிசலுக்கும் களைப்புக்கும் இதில் பங்கு உண்டு. இருளுக்கும் கண்கூச்சத்துக்கும் பங்கு உண்டு. முதலிரண்டையும் எளிதில் மாற்ற இயலாது. கண்கூச்சத்தின் பெரும்பகுதியை ஒரு திருகாணியால் குறைத்துவிட முடியும்.

ஒளியின் எல்லைக்கோடு

முன்விளக்கு இருவகை ஒளி தருகிறது. எதிரே எவரும் வராத நேரத்தில் தொலைவு வரை வீசும் ஒளி ஒன்று. எதிரே வாகனம் வரும்போது தாழ்த்தி வைக்கும் ஒளி மற்றொன்று. ஓட்டுநர்கள் 'டிம்' என்று அழைப்பது இதனையே. நெரிசல் மிகுந்த சாலைகளில் பெரும்பாலான நேரம் எரிய வேண்டியது இந்தத் தாழ்ந்த ஒளிதான்.

தாழ்ந்த ஒளியை ஒரு சுவரின்மீது விழச் செய்து பார்த்தால், அதன் மேல்விளிம்பில் தெளிவான ஓர் எல்லைக்கோடு தென்படும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருள். வாகனங்கள் இடப்புறம் செல்லும் இந்தியா போன்ற நாடுகளுக்கான விளக்குகளில், இக்கோடு வலப்பக்கம் கிடையாகச் சென்று, நடுவில் முறிந்து, இடப்பக்கம் மேல்நோக்கி ஏறும். இதற்குக் காரணம் உண்டு. வலப்புறம் எதிரே வரும் ஓட்டுநரின் கண் இருக்கிறது. அங்கே ஒளி உயரக்கூடாது. இடப்புறம் சாலையோரத்தில் நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் இருக்கின்றனர். அவர்கள் தொலைவிலேயே கண்ணில் பட வேண்டும். விளக்கை வடிவமைத்தவர் இருவரையும் மனத்தில் கொண்டே அதை அமைத்திருக்கிறார். விளக்கு சற்றே இடம் பெயர்ந்தாலும் அந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிறது. வலப்புறம் திரும்பிய விளக்கு, நடப்பவருக்கென்று வைத்த வெளிச்சத்தை எதிரே வருபவரின் கண்ணில் கொண்டு சேர்க்கிறது.

சிறு அளவு, பெரு விளைவு

இச்சாய்வு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு காரின் முன்விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் எல்லைக்கோடு 1 சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், 10 மீட்டர் தொலைவில் அது 10 சென்டிமீட்டர் தாழும். 70 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். கோண அளவில் இது ஒரு பாகையின் பாதியைச் சற்றே மிஞ்சியது. பல நாடுகள் ஏற்றுள்ள ஐக்கிய நாடுகளின் 48ஆம் வாகன ஒழுங்குவிதி, இந்த உயரத்தில் உள்ள விளக்குகளுக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரையுள்ள சாய்வையே தொடக்க அளவாக நெடுங்காலம் கொண்டிருக்கிறது.

இதே விளக்கு 2 சதவீதம் தாழ்ந்துவிட்டால் வெளிச்சம் 35 மீட்டரிலேயே முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலைகளை வடிவமைக்கும்போது, ஓட்டுநர் தடையைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கு இரண்டரை நொடி ஆகும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கணக்கிடுகிறது. அந்த இரண்டரை நொடியில் மட்டும் வாகனம் 42 மீட்டர் சென்றுவிடும். முழுவதும் நிற்க மொத்தம் 80 மீட்டர் அளவு வேண்டும். ஆகவே, 35 மீட்டர் மட்டுமே காணும் ஓட்டுநர், சாலையில் நிற்கும் மாட்டைக் கண்ட பின் அவரது கால் பிரேக்கைத் தொடும் முன்னரே மாட்டை அடைந்துவிடுகிறார். சரியாக அமைந்த விளக்கும்கூட, தாழ்ந்த ஒளியில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே இடம் தருகிறது என்பதும் இக்கணக்கிலிருந்து விளங்கும்.

விளக்கு உயர்ந்துவிட்டாலோ, துன்பம் எதிரே வருபவரைச் சேர்கிறது. வாகனத்தின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருக்கட்டும். பின் இருக்கையில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறியதால் பின்பகுதி 5 சென்டிமீட்டர் அமிழ்கிறது. வாகனத்தின் முகம் 2 சதவீதம் மேலே தூக்குகிறது. 1 சதவீதம் கீழே பார்த்த ஒளி இப்போது 1 சதவீதம் மேலே பார்க்கிறது. 50 மீட்டர் தொலைவில் அந்த எல்லைக்கோட்டின் உயரம் 120 சென்டிமீட்டர். கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து இருக்கும் உயரமாக இந்தியச் சாலைகள் காங்கிரஸ் கொள்ளும் அளவும் 120 சென்டிமீட்டரே. திருவிழாவுக்குக் குடும்பத்துடன் புறப்பட்ட ஒருவர், விளக்கைத் தாழ்த்தியே ஓட்டியும், எதிரே வந்த அனைவரையும் கண்கூசச் செய்துகொண்டே செல்கிறார். அது அவருக்குத் தெரிவதில்லை.

இதற்காகவே பல கார்களில் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு குமிழ் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. சுமை ஏற ஏற எண்ணைக் கூட்டினால் விளக்கு தாழும். அக்குமிழின் பயனை அறியாமலே பல ஆண்டுகள் வாகனம் ஓட்டுவோர் பலர். மோட்டார் சைக்கிளிலும் பின்னால் ஒருவர் அமர்ந்தவுடன் இதே விளைவு ஏற்படுகிறது. நாட்டின் வாகனங்களில் பெரும்பான்மை இருசக்கர வாகனங்களே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

விளக்கை உயர்த்துவோரின் காரணம்

விளக்கைத் தெரிந்தே உயர்த்தி வைப்போரும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதற்கு முன் காரணத்தை அறிதல் நன்று. காலப்போக்கில் விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளித்து மங்குகிறது; உள்ளே உள்ள எதிரொளிப்பானின் பளபளப்புக் குறைகிறது; ஒயர்களின் இணைப்பில் துரு ஏறி மின்னழுத்தம் குறைகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாலை தெரியாத ஓட்டுநர் விளக்கை மேலே தூக்குகிறார், அல்லது மிகுந்த வாட் திறனுள்ள பல்பை மாட்டுகிறார். முகப்பைத் தேய்த்துத் துலக்குவதும், இணைப்புகளைச் சுத்தம் செய்வதும் செய்ய வேண்டிய செயலைச் சாய்வை மாற்றிச் செய்ய முயல்வதால் நோய் தீர்வதில்லை. எதிரே வருபவருக்கும் தொற்றுகிறது.

ஹாலஜன் பல்புக்கென அமைந்த விளக்கில் எல்.இ.டி. பல்பை மாட்டும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அவ்விளக்கின் எதிரொளிப்பான், பல்பின் இழை இருக்கும் இடத்தை மையமாகக் கொண்டு உருவாக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் எல்லைக்கோடு சிதைந்து ஒளி எங்கும் சிதறும். அதன்பின் எந்தத் திருகாணியைத் திருப்பியும் பயனில்லை. முகப்பின் நடுவில் கறுப்பு வட்டம் ஒட்டுவதும் இத்தகையதே. அது வெளிச்சத்தின் ஒரு பகுதியை மறைக்கிறது, சாய்வைத் திருத்துவதில்லை.

ஒரு சுவரும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும்

சாய்வைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சமதளமான தரையும், அதன் எதிரே ஒரு வெள்ளைச் சுவரும் போதும். டயர்களில் உரிய காற்று இருக்க வேண்டும். ஓட்டுநரின் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். டிக்கி காலியாகவும், சாய்வைக் கட்டுப்படுத்தும் குமிழ் சுழியிலும் இருக்க வேண்டும். வாகனத்தின் முன்பக்கத்தை ஓரிரு முறை அழுத்தி விட்டால் ஸ்பிரிங்குகள் இயல்பான நிலைக்கு வந்துவிடும்.

வாகனத்தைச் சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து சுவர் வரை 10 மீட்டர் இருக்குமாறு நிறுத்த வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கிடைக்கோடு இட வேண்டும். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கோடு. ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேரே ஒரு செங்குத்துக் கோடு. ஒரு விளக்கைத் துணியால் மறைத்து மற்றதைத் தாழ்ந்த ஒளியில் எரியவிட்டால், ஒளியின் எல்லைக்கோட்டினது கிடைப்பகுதி இரண்டாவது கோட்டின்மீது படிய வேண்டும். இடப்பக்கம் ஏறத் தொடங்கும் முனை செங்குத்துக் கோட்டில் அமைய வேண்டும். அமையாவிடில், விளக்கின் பின்புறம் உள்ள திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ஒன்று மேலும் கீழும் நகர்த்தும். மற்றொன்று பக்கவாட்டில் நகர்த்தும். தயாரிப்பாளர் 1 சதவீதத்துக்கு மாறாக வேறு அளவைக் கூறியிருந்தால் அதனையே கொள்ள வேண்டும். பல வாகனங்களில் இந்த எண் விளக்கின் அருகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பல்பு மாற்றிய பின்னும், முன்பகுதி அடிபட்டுப் பழுது பார்த்த பின்னும் இச்சோதனை இன்றியமையாதது. மொத்தத்தில் கால் மணி நேர வேலை.

விதியும் நடைமுறையும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைப் புறக்கணிக்கவில்லை. வாகனத்துக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள எவரையும் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கியிருக்க வேண்டும் என்கிறது 106ஆம் விதி. நோக்கம் நல்லது. ஆனால் 8 மீட்டரில் ஒன்றரை மீட்டர் உயரம் என்பது, மேலே கண்ட காரின் விளக்கிலிருந்து பார்த்தால், 10 சதவீத ஏற்றம். 50 மீட்டருக்கு அப்பால் வருபவரைக் கூசச் செய்யும் 1 சதவீத ஏற்றம் அப்புள்ளியை எட்டுவதே இல்லை. எனவே, விதியின் நோக்கத்தைக் காக்க விரும்பும் ஆய்வாளர் 10 மீட்டரில் 10 சென்டிமீட்டர் என்ற அளவையும் கையில் வைத்திருப்பது நலம்.

லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்ற போக்குவரத்து வாகனங்கள் தகுதிச் சான்றிதழ் பெறும்போது முன்விளக்கின் ஒளியும் சோதனைக்குரிய பொருளாகிறது. தானியங்கிச் சோதனை நிலையங்களில் இதைக் கருவியே அளக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். இடைப்பட்ட காலத்தில் புகைச் சான்றிதழுக்காக அவை திரும்பத் திரும்பச் சோதனை நிலையத்துக்கு வருகின்றன. விளக்கின் சாய்வை அங்கே எவரும் பார்ப்பதில்லை. புகையை அளக்கும் அதே இடத்தில் ஒரு சுவரில் இரண்டு கோடுகள் இட்டு வைத்தால், மாலை வேளையில் வரும் வாகனங்களையேனும் அங்கேயே பார்த்துவிடலாம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளிலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் இத்தகைய சுவர் அமைவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படாது. தொழிற்பயிற்சி மாணவர்கள் ஓர் ஊரின் வாகனங்களை ஒரு வாரத்தில் சோதித்துத் திருத்திக் கொடுப்பது அவர்களுக்குப் பயிற்சியாகவும் ஊருக்குத் தொண்டாகவும் அமையும்.

கண்கூச்சம் தீரச் சில நொடிகள் ஆகும். வயது கூடக் கூட அந்த நேரமும் கூடும். மூன்று நொடி என்று கொண்டாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வாகனம் 50 மீட்டர் தூரத்தைக் காணாமலே கடந்துவிடுகிறது. நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் எதிரெதிரே வரும் இரு ஓட்டுநர்களும் இரும்புக்கூட்டுக்குள் இருக்கின்றனர். இடப்புறம் மண்ணோரத்தில், வயலிலிருந்து வீடு திரும்பும் பெண்ணுக்கோ, சைக்கிளில் பால் கொண்டு செல்பவருக்கோ அத்தகைய காப்பு எதுவும் இல்லை. அவர்களிடம் விளக்கும் இல்லை. பிறர் வாகனத்தின் வெளிச்சத்தில்தான் அவர்கள் கண்ணில் பட வேண்டும். விளக்கை அமைத்தவர் இடப்புறம் சற்றே உயர்த்தி வைத்த ஒளி அவர்களுக்கு உரியது. அது அவர்கள்மீது விழுகிறதா என்று ஆண்டுக்கொரு முறை சுவரில் பார்த்து உறுதி செய்துகொள்வது வாகனம் வைத்திருப்பவரின் கடமை. அதற்கு இடமும் வழியும் செய்து கொடுப்பது நிர்வாகத்தின் கடமை.