மண் காத்த மாளிகை

ரோமாபுரி என்றவுடன் நம் நினைவில் எழுவன நகரத்து மண்டபங்களும் அரங்கங்களுமே. ஆனால் அப்பேரரசுக்குச் சோறிட்டவை நாட்டுப்புறப் பண்ணைகள். அவற்றின் நடுவே செல்வர்கள் எழுப்பிய மாளிகைகளை ‘வில்லா’ என்று வழங்கினர். அவற்றுள் ஒன்றைக் காண, இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவுக்குச் சற்றுச் செல்வோம்.

பியாட்சா அர்மெரினா என்னும் ஊருக்கு அருகே, கசாலே என்ற இடத்தில், கி. பி. 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது இம்மாளிகை. கட்டியவர் இன்னார் என்பது அறிஞரிடையே இன்னும் முடிவுறாத வழக்கு. இதன் பெருமையெல்லாம் தரையிலே இருக்கிறது. சுமார் 3,500 சதுர மீட்டர் பரப்பில், வண்ணக் கற்களைப் பதித்துச் சித்திரங்கள் செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய 60 மீட்டர் நீளமுள்ள ஒரு நடைக்கூடத்தில், காட்டு விலங்குகளை உயிரோடு பிடித்துக் கப்பலேற்றும் காட்சி. அதன் ஒரு கோடியில் யானைத் தந்தம் ஏந்திய மங்கை. அருகே யானையும் புலியும். அவள் இந்தியாவின் உருவகம் என்பது அறிஞர் பலர் கருத்து. மிளகும் முத்தும் நம் கரைகளிலிருந்து ரோமுக்குச் சென்ற காலம் நினைவுக்கு வருகிறதல்லவா?

12-ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவு ஒன்று மாளிகையை மூடியது. அந்த மண்ணே அதற்கு அரணாயிற்று. 1950 முதல் 1960 வரை ஜென்டிலி என்ற அறிஞர் நடத்திய அகழ்வில் பெரும்பகுதி வெளிப்பட்டது. வெளிப்பட்டதும் வெயிலும் மழையும் பகையாயின. எனவே 1950-களின் பிற்பகுதியில் ஒளி ஊடுருவும் கூரை அமைத்தனர். பகலொளியில் சித்திரங்கள் நன்கு தெரிந்தன. ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் தேங்கித் தளத்தைக் கெடுத்தன. காப்பதற்கென்று வைத்ததே ஊறு செய்தது! 1997-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பின்னர் பழைய கூரையை அகற்றி, ஒளி புகாத புதுக் கூரை வேய்ந்து, தளங்களைச் செப்பனிட்டு, 2012-இல் மீண்டும் திறந்தனர். பாதுகாப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று. தலைமுறைதோறும் தொடரும் கடமை என்பதை இது காட்டுகிறது.

இச்சித்திரங்களைப் பதித்தவர்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கைவினைஞர் என்பர். அயலார் கைவண்ணத்தைச் சிசிலி மக்கள் தமதென்றே காக்கின்றனர். பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம் அருகிலும், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் காக்கப்பெறும் கோட்டைகளும் கல்லறைகளும் உள்ளன. அவற்றின் சுவரில் நம் பெயரைக் கீறாதிருப்பதும், நம் குழந்தைகளுக்கு அவற்றின் வரலாற்றைச் சொல்வதும், குடியேறிய மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.