கோடைக்காலச் சட்ட வகுப்புக்குப் போகலாமா?



அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு, அதற்கு முந்திய கோடை விடுமுறையிலேயே சில வாரங்கள் பாடம் நடத்துகிற வகுப்புகள் உண்டு. அதற்குப் போவதா, அல்லது அந்த இரண்டு மாதத்தில் எங்காவது வேலை செய்து நாலு காசு சேர்ப்பதா என்பது அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்குப் பெரிய கேள்வி. அதைப்பற்றியே இன்று பேசுகிறோம்.

"மூளை இருந்தால் படிப்பு தானே வருகிறது, முன்கூட்டி ஒரு வகுப்பு எதற்கு?" என்பார்கள் சிலர். சொல்லுகிறவர் யார் என்று பாருங்கள். தகப்பன் வக்கீல், பாட்டன் ஜட்ஜு என்ற வீட்டில் பிறந்தவன் சோற்றுக்கு முன் உட்கார்ந்தே இருபது வருஷம் இந்த வகுப்பைக் கேட்டுவிட்டான். சம்பளம் கட்டாமல் கிடைத்ததால் அதற்கு மூளை என்று பெயர் வைத்துக்கொண்டான்!

டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹீமன் ஸ்வெட் என்ற கறுப்பர் தபால்காரராயிருந்தவர். 1946 இல் சட்டக் கல்லூரியில் இடங் கேட்டார். நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். வழக்காடி, 1950 இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்து உள்ளே போனார். ஆனால் உடல்நலக் கேடும், குடும்பத் தொல்லையும், சுற்றிலுமிருந்த பகையும் சேர்ந்து 1952 இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். ஒரு கோடை வகுப்பு அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. கதவு திறப்பது வேறு, உள்ளே காலூன்றி நிற்பது வேறு என்றே சொல்லுகிறோம்.

பிறகுதான் 1967 இல் நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையில் பூர்வ குடிப் பிள்ளைகளுக்கென்று இப்படி ஒரு வகுப்பு ஏற்பட்டது. 1968 இல் வக்கீல் சங்கங்களும் சட்டக் கல்லூரிகளும் கூடி, வாய்ப்பற்ற வகுப்பாருக்காக 'கிளியோ' என்ற ஸ்தாபனத்தை உண்டாக்கின. அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் உபாத்தியாயர் பாடத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுவதில்லை. பழைய தீர்ப்புகளைக் கொடுத்துப் படித்துவரச் சொல்லி, பையனை எழுப்பி நிறுத்திக் கேள்விமேல் கேள்வி கேட்பார். 1870 முதல் ஹார்வர்டில் வந்த வழக்கம் இது. மார்க்கோ பெரும்பாலும் கடைசியில் வரும் ஒரே பரீட்சையில்தான். பழகாதவன் பயந்து திகைத்து முடிப்பதற்குள் முதல் வருஷம் போய்விடும். அந்த வருஷ மார்க்கைப் பார்த்தோ நல்ல வேலைகள் கிடைக்கின்றன. இந்தத் திகைப்பைக் கோடையிலேயே தீர்த்துவிடுவதுதான் அந்த வகுப்பின் வேலை. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கிலெடுக்கக்கூடாது என்று 2023 இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன பிறகு, முன்னிருந்த ஒரு பிடிப்பும் போய்விட்டது.

நிற்க, எல்லா வகுப்புக்கும் ஓடுங்கள் என்று சொல்லவரவில்லை. ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, கோர்ட்டுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டி, போட்டோ எடுத்து, ஒரு நற்சாட்சிப் பத்திரம் கையில் கொடுத்தனுப்புகிற கடைகளும் உண்டு. திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு வருவதற்கும் இதற்கும் வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. சட்டக் கல்லூரிக்காரர்கள் முக்கியமாகப் பார்ப்பது கல்லூரி மார்க்கையும் நுழைவுப் பரீட்சையையுமே தவிர அந்தப் பத்திரத்தையல்ல.

ஆகவே நாம் கேட்கச் சொல்லுவது இதுதான்: பாடம் நடத்துகிறவர் சட்டக் கல்லூரி உபாத்தியாயர்தானா? வாரந்தோறும் எழுதச் சொல்லித் திருத்திக் கொடுப்பார்களா? சாப்பாடும் இடமும் யார் செலவு? இழக்கப்போகிற கூலி எவ்வளவு? சோறும் போட்டு எழுதவும் வைக்கிற இடமானால், அந்தக் கூலியை விட்டாவது போகவேண்டும். கடன் வாங்கித்தான் போகமுடியுமென்றால் போகவேண்டாம். வேலைக்கே போய், இரவில் பொதுப் புத்தகசாலையில் தீர்ப்புகளை எடுத்துப் படிக்கட்டும்.

"அந்த வகுப்புக்குப் போனால் மட்டமானவன் என்று முத்திரை குத்திவிடுவார்களே" என்று வெட்கப்படுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டுக்கே உபாத்தியாயரை வரவழைத்துப் படித்த பணக்காரன் பிள்ளை என்றைக்காவது வெட்கப்பட்டானா? கையெழுத்துப் போடுவதற்கு முன், போன வருஷம் அங்கே படித்த இரண்டு பேரைப் பிடித்து, முதல் பரீட்சையில் அது எதற்கு உதவிற்று என்று கேட்டுக்கொள்ளட்டும்.