பிள்ளைகளுக்கும் வரும் மூட்டுவாதம்

மூட்டுவாதம் என்றாலே தாத்தா பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 1897-லேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தைப் பற்றி விரிவாக எழுதினார். 16 வயதுக்குள், வேறு காரணமில்லாமல் 6 வாரமாவது மூட்டு வீங்கியிருந்தால் இந்த நோயாக இருக்கலாம்.

வலிக்கிறது என்று பிள்ளை சொல்லாமலே போகலாம். காலையில் எழுந்ததும் நொண்டும். மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கும். சட்டைப் பொத்தான் போடத் திணறும். அதே பிள்ளை பத்து மணிக்கு ஓடியாடும்! பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறது என்று திட்டு விழுவது இதனால்தான். பாவம், காலையில் மூட்டில் வரும் அந்த இறுக்கம் நிஜம். வெந்நீர்க் குளியலும், கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவதும் அதைத் தளர்த்தும்.

சாப்பாட்டால் மட்டும் இந்த நோய் குணமாகாது. தக்காளி ஆகாது, பருப்பு ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வளரும் பிள்ளையை மெலிய வைக்க வேண்டாம். இந்த நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட எலும்பை வலுவிழக்கச் செய்யும். ஆகவே பால், தயிர், கேழ்வரகுக் கூழ் அவசியம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மத்தி மீனின் ஒமேகா-3 கொழுப்பும் நல்லது.

மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது. இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்திருந்தால் வாரம் ஒரு முறைதான், தினமும் அல்ல.

மூட்டுக்குப் பாரம் கொடுக்காத நீச்சலும் சைக்கிளும் தசைக்கு வலுவூட்டும். கண்ணையும் மறக்கக் கூடாது. இந்த நோயில் வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையையே கெடுக்கலாம். சில பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனை தேவைப்படும்.