அந்தப் பெரியவர் சாமியார்தானா?



பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நம்முடையது. அதில் அழுக்கு வேட்டியோடு ஒரு பெரியவர் தனியே போனால் நாம் என்ன செய்கிறோம்? கும்பிடுகிறோம். ஒரு பொட்டலம் தயிர்சாதம் கொடுத்துவிட்டு நகர்கிறோம். வேறு ஊரில் “யாருங்க நீங்க?” என்றாவது கேட்டிருப்பார்கள். சாமியார்கள் நிறைந்த திருவண்ணாமலையில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அவர் மறதிநோயால் வீட்டுக்கு வழி தெரியாமல் நடப்பவராகவும் இருக்கலாம்.

“வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்கிறோம். 1901-இல் பிராங்க்பர்ட்டில் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த அகஸ்டே டீட்டர் என்ற அம்மாளுக்கு வயது 51தான். தன் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியவில்லை. 1906-இல் அவர் இறந்தபின் மூளையைச் சோதித்துத்தான் இது நோய் என்றார் அந்த டாக்டர். இன்று இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, ஏதோ ஒரு வகை மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வகைகளில் அந்த டாக்டரின் பெயரைத் தாங்கிய அல்சைமர்தான் அதிகம்.

மூளையில் கோளாறு தொடங்கிப் பல வருஷம் கழித்தே வெளியே தெரியும். முதலில் போவது நேற்றைய நினைவு. காலையில் சாப்பிட்டது மறக்கும், தன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் பெயர் மறக்காது. வீட்டார் ஏமாறுவது இங்கேதான்: “எங்கப்பாவுக்கா மறதி? அம்பது வருஷக் கதையைச் சொல்றாரே!” சுருக்குப்பையை எங்கோ வைத்துவிட்டு, மருமகள் எடுத்துவிட்டாள் என்பார் மாமியார். எத்தனை வீட்டுச் சண்டைக்குள் இந்த நோய் ஒளிந்திருக்கிறதோ! பிறகு நாளும் திசையும் குழம்பும். விளக்கு வைக்கும் நேரத்தில் பரபரப்பு கூடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே “வீட்டுக்குப் போறேன்” என்று கிளம்புவார்கள். கடைசியில் பேச்சு, நடை, விழுங்குவதுகூடப் போய்விடும். இதற்குச் சிலருக்கு நாலைந்து வருஷம் ஆகும், சிலருக்கு இருபது. மாத்திரைகள் சற்றுத் தணிக்கும், குணமாக்காது.

நடுக்கட்டத்தில் இருப்பவர்தான் நம் பாதையில் எதிர்ப்படுகிறார். நல்ல மனசுக்காரர் ஒருவர் “எந்த ஊரு தாத்தா?” என்று கேட்பார். “செங்கம்” என்று பதில் வரும். உடனே பஸ் ஏற்றிவிடுவார். செங்கத்தை விட்டு நாற்பது வருஷமாகியிருக்கும். மகன் வீடு இங்கேயே இரண்டு தெரு தள்ளி இருக்கும்.

தயவுசெய்து பஸ் ஏற்றாதீர்கள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், போலீசிடம் சொல்லுங்கள். பகல் நேரமானால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், செல்போன் எண்ணைச் சட்டைக் காலரின் உள்பக்கத்திலோ புடவைத் தலைப்பிலோ நூலால் தைத்துவையுங்கள். சீட்டில் எழுதிப் பையில் போட்டால் முதல் சலவையிலேயே கரைந்துவிடும்.