வளவுக்கேற்ற இயந்திரம்

கொழும்புத்துறையில் நான்கு பரப்பு வளவொன்று இருப்பதாகக் கொள்ளலாம். வீட்டில் இருப்போர் எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மட்டுமே. மகன் ரொறொன்ரோ நகரில் இருக்கின்றான். மார்கழியில் மழை ஓயும்போது புல் முழங்காலளவு வளர்ந்து நிற்கின்றது. முன்பு மண்வெட்டியோடு வந்து செருக்கிக் கொடுத்தவருக்கும் வயதாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் அத்தொழிலுக்கு வருவதில்லை. நுளம்பு பெருகும் வளவு என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எச்சரித்துச் சென்றிருக்கிறார். கோடிப்புறத்தில் பாம்பைக் கண்டதாக அயலவர் சொல்கின்றனர். இவற்றையெல்லாம் தொலைபேசியிற் கேட்ட மகன், ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டும் உழவு இயந்திரம் ஒன்றை வாங்கும்படியும் பணத்தைத் தான் அனுப்புவதாகவும் கூறுகின்றான். அவன் அன்பிற் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த இயந்திரம் அந்த வளவுக்கு ஏற்றதுதானா என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி.

புல்வெட்டும் இயந்திரம் பிறந்த இடம் இங்கிலாந்து. ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேலெழுந்து நிற்கும் மயிரை மழித்தெடுக்கும் ஆலைப் பொறியைக் கண்டு, அவ்வாறே புல்லையும் மழிக்கலாமென எண்ணி, 1830ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். துணியைப் போன்றே மட்டமான, ஈரமான, ஒரே சாதிப் புல் வளர்ந்த தரைக்கென அமைந்த பொறி அது. ஏறியிருந்து ஓட்டும் இன்றைய இயந்திரங்களும் அந்தத் தரையையே எதிர்பார்க்கின்றன.

கொழும்புத்துறை வளவு அத்தகையதன்று. பனையும் தென்னையும் மாவும் வாழையும் இடையிடையே நிற்கும். பனைக்குக் கீழே காவோலை, மட்டை, பன்னாடை, ஊமல் என்று ஏதேனும் எப்பொழுதும் விழுந்து கிடக்கும். ஒரு பக்கத்திற் கிணறு. மறுபக்கத்திற் கிழங்குக்குப் பனங்கொட்டை புதைத்த பாத்தி. மண்ணுக்குள்ளிருந்து சுண்ணக்கல் தலைகாட்டும் இடங்களும் உண்டு. வேகமாகச் சுழலும் அலகில் ஓர் ஊமல் அகப்பட்டால், ஒன்றில் அலகு வளையும். அன்றேல் ஊமல் கல்லெறிபோலப் பாய்ந்து யாரேனும் ஒருவரின் காலைப் பதம்பார்க்கும்.

கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்சஸ். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே நான்கு பரப்பு கால் ஏக்கர், ஏறத்தாழ 10,890 சதுர அடி. வீடு, முற்றம், கிணற்றடி, மரங்களின் அடி ஆகியவற்றைக் கழித்தாற் புல் வெட்டவேண்டிய இடம் பாதியளவே எஞ்சும். சாதாரண ஏறியோட்டும் புல்வெட்டி 42 அங்குல அகலத்துக்கு வெட்டுவது. அது மணிக்கு மூன்று மைல் வேகத்திற் சென்றாலும், அவ்வளவு இடத்தையும் முடிக்க ஆறு நிமிடமே பிடிக்கும். மரங்களைச் சுற்றியும் மூலைகளில் திரும்பியும் செல்வதற்காக அதனை மும்மடங்காக்கினாலும் இருபது நிமிடம் ஆகாது. அந்த இருபது நிமிடத்துக்காகப் பல இலட்சம் ரூபாவைக் கொட்டிலில் நிறுத்திவைப்பதா? அதுவும் படலைக்குள்ளால் இயந்திரம் நுழையுமானாற்றான்.

கொட்டிலில் நிறுத்திவைப்பது என்பது வெறும் அணியன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்துவிடுகின்றது. மாசிக்குப் பின் புல்லின் வளர்ச்சி தளரும். ஆனி ஆடியில் அது காய்ந்து கருகும். கிணற்று நீரை இறைத்துப் பச்சையாக வைத்திருக்கலாமேயென்று ஒருவர் கேட்கலாம். சுண்ணக்கல்லினுள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையிலிருந்தே குடாநாட்டுக் கிணறுகள் ஊறுகின்றன. கடனீரேரிக்கு அண்மையிலுள்ள கொழும்புத்துறையில் அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். புல்லுக்கு நீர் வார்த்துக் குடிநீரைக் கெடுத்துக்கொள்வது விவேகமாகாது. ஆகவே அவ்வியந்திரத்துக்கு ஆண்டில் எட்டு மாதமேனும் வேலையில்லை. அக்காலத்திற் பெற்றோல் பிசினாகிக் காபுரேற்றரை அடைக்கும். மின்னேற்றப்படாத பற்றறி செத்துப்போகும். உப்புக் காற்றில் இரும்புத் தகடு துருவேறும். அடுத்த கார்த்திகையில் வளவுக்கு முதலில் வரவேண்டியவர் திருத்துநராகவே இருப்பார்.

ஏறியோட்டுவது வேண்டாமெனின், இருசில்லு உழவு இயந்திரத்தைப் பிடித்து வளவை உழுதுவிடலாமே என்பது ஊரிற் பலர் கூறும் யோசனை. இவ்வியந்திரத்தை இலங்கையில் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். 1950களில் வந்த ஒரு வகையின் வணிகப்பெயர் எல்லா வகைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதன் ஆக்கத்தில் முதன்மையான பங்கு கொண்டவர் றே விஜேவர்தன என்னும் இலங்கைப் பொறியியலாளர். 1924இற் பிறந்து 2010இற் காலமான அவருடைய பிற்கால எண்ணம் இங்கே கவனிக்கத்தக்கது. எருமையின் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தோமேயன்றி, உழவின் நோக்கம் யாதென்று கேட்கத் தவறினோம் என்பது அவர் கண்ட முடிவு. களையை அடக்குவதே உழவின் பெரும் நோக்கமாயின், அதனை மண்ணைக் கிளறாமலும் செய்யலாம் என்று கருதிய அவர், நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள அனைத்துலக வெப்பமண்டல விவசாய நிறுவனத்திற் பணியாற்றிய காலத்தில் உழாத வேளாண்மைக்கான கருவிகளில் ஈடுபட்டார். தான் வளர்த்த இயந்திரத்தையே கேள்விக்குட்படுத்தும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

அவருடைய கேள்வி வளவுக்கும் பொருந்தும். அங்கே களையாக நிற்பது எது? கோரையாயின், சுழலும் கத்திகள் அதன் கிழங்குத் தொடரைத் துண்டாக்கி எங்கும் பரப்பும். ஓரிடத்து முளைத்தது பத்திடத்து முளைக்கும். பார்த்தீனியமாயின், பூத்தபின் வெட்டுவது பல்லாயிரம் விதைகளைத் தூவுவதற்கு ஒப்பாகும். அதனைப் பூக்குமுன்னரே, கையுறை அணிந்து, வேரோடு பிடுங்கவேண்டும். தோலிற் பட்டாற் சிலருக்குச் சொறியும், மகரந்தத்தாற் சிலருக்கு மூச்சிழுப்பும் உண்டாகும். அறுகும் பிற புல்லும் மட்டுமே எனின், நிலத்தைத் தொடாமல் மேலே வெட்டிவிடுதல் போதும். நுளம்பின் செய்தியும் இவ்வாறே. டெங்கு நுளம்பு முட்டையிடுவது புல்லிலன்று. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டை, தகரப்பேணி, பழைய ரயர் ஆகியவற்றிலே தேங்கும் நீரில். அவற்றைப் பொறுக்கி அகற்ற எந்த இயந்திரமும் உதவாது.

இன்னுமொன்று. போர்க்காலத்திற் காவலரண் இருந்த இடமோ, நெடுங்காலம் ஆளற்றுக் கிடந்த காணியோ எனின், இயந்திரத்தை இறக்குமுன் கிராம உத்தியோகத்தரிடம் அக்காணி வெடிபொருள் நீக்கித் தூய்மையாக்கப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். ஐயத்துக்கிடமான ஏதேனும் கண்ணிற் பட்டால் தொடாது விலகி அறிவிக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் பார்க்குமிடத்து, இத்தகைய வளவுக்குப் பொருந்துவது தோளிற் கொளுவிப் பிடித்து வெட்டும் சிறு புல்வெட்டியே. மரத்தின் அடியிலும் வேலியோரத்திலும் அது நுழையும். சில லீற்றர் எரிபொருளே அதற்குப் போதும். 1990இன் பின் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊருக்கும், 2022இல் வாகனத்தின் பதிவிலக்கப்படி பெற்றோல் பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட நாட்டுக்கும் இது சிறிய செய்தியன்று. வாங்கும்போது பரிவலுவைக் காட்டிலும் முதலிற் கேட்கவேண்டியது, நைலோன் நூலும் உதிரிப்பாகமும் யாழ்ப்பாண நகரக் கடைகளிற் கிடைக்குமா, திருத்துவோர் எட்டும் தொலைவில் இருக்கின்றனரா என்பதே. கல்லும் ஊமலும் உள்ள நிலத்துக்கு இரும்பு அலகைவிட நைலோன் நூல் நன்று. நூல் கல்லிற் பட்டாலும் அறுந்து போகுமேயன்றி உடைந்து பாயாது. எனினும் சிறு கற்களை அதுவும் எறியும். ஆதலின் கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குச் சப்பாத்தும் இன்றி அதனை இயக்கலாகாது.

ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் அதைத் தோளிற் சுமந்து வேலைசெய்ய இயலுமா என்ற கேள்வி எஞ்சுகின்றது. இயலாது. அதற்காகவே மகன் அனுப்பவிருக்கும் பணத்தை வேறுவிதமாகச் செலவிடுதல் தக்கது. ஒழுங்கையிலுள்ள ஐந்தாறு வீட்டார் சேர்ந்து ஒரு புல்வெட்டியை வாங்கி, அதனை இயக்கத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு நாட்கூலியை முறைப்படி கொடுத்தால், மழைக்காலத்தில் மாதம் இருமுறை எல்லா வளவும் துப்புரவாகும். பெரிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு பகுதி பல ஆண்டுக் கூலிக்குப் போதும். பாம்பு வந்ததா, கிணற்று மூடி உடைந்ததா, வீட்டிலுள்ளோர் எழுந்து நடமாடுகின்றனரா என்று மாதம் இருமுறை படலையைத் திறந்து பார்க்கவும் ஒருவர் இருப்பார்.

பங்குனியிற் கடைசி வெட்டு முடிந்ததும் தாங்கியிலுள்ள எரிபொருளை வடித்து, எஞ்சியது தீர்ந்து இயந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, இரும்புப் பாகங்களுக்கு எண்ணெய் பூசி, நிலத்தில் வையாது வளையிலே தொங்கவிடுதல் வேண்டும்.