கந்தையும் பட்டுப் பாவாடையும்

(நம் சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழந்துணியைக் கொண்டு குழந்தைகளுக்கு உடை தைப்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு எங்களைப் பணித்தீர்கள். இதுவும் ஒரு சொற்பொழிவுக்குரிய பொருளா என்று சிலர் எண்ணலாம். எங்கள் இல்லத்தில் ஒரு புடைவையால் எழுந்த வழக்கை முதலில் கூறிவிட்டால் அந்த ஐயம் நீங்கும்.

சகோதரிகள் மூவராகிய நாங்கள், எங்கள் அன்னையார் மறைந்தபோது அவர்களுடைய அரக்கு வண்ணக் காஞ்சிபுரப் பட்டுப் புடைவையை உடுத்தவும் மனமின்றி, பிறருக்கு ஈயவும் மனமின்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். பதினோர் ஆண்டுகள் சென்றன. சென்ற நவராத்திரிக்கு எடுத்துப் பிரித்தபோது, மடித்த மடிப்பிலேயே பட்டு இற்றுக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேதான் ஒடியும். கொல்கத்தாவின் ஈரக் காற்றும் அதற்குத் துணை. “பேத்திக்குப் பாவாடை தைப்போம்” என்றார் எங்களில் இளையவர். “அம்மாவின் புடைவையில் கத்தரி வைப்பதா? அதுவும் பண்டிகைக்குப் பழந்துணியா?” என்று கண்ணீர் விட்டார் மூத்தவர். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை.

பழந்துணி மங்கலக் குறைவானதா? நம் நாட்டில் பிறந்த குழந்தையை முதலில் ஏந்துவது பழந்துணியே அன்றோ! பாட்டியின் நூற்புடைவையில் தூளி. தாத்தாவின் வேட்டியில் சட்டை. பலமுறை துவைத்துக் கஞ்சி போன துணி தளிர் மேனியை உறுத்தாது. ஈரத்தையும் விரைவில் உறிஞ்சும்.

நாம் குடியேறி வாழும் வங்கமோ இதனை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறது. நைந்த சேலைகளை அடுக்கி, கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தையலிட்டுப் பச்சிளங் குழந்தைக்குப் போர்வை செய்வர். அதன் பெயர் காந்தா. நம்முடைய ‘கந்தை’யும் அவர்களுடைய ‘காந்தா’வும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. நாம் இழிவாகச் சொல்லும் அச்சொல் இங்கே கலையின் பெயராயிற்று. குருசதய தத்தர் (1882–1941) இவற்றை அரும்பொருளாகக் கருதிச் சேகரித்தார். 2008-இல் மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எங்கள் வழக்கைத் தீர்த்தவரும் ஒரு வங்க மாதரசியே. அடுத்த வீட்டிலிருந்து, தம் மாமியாரின் சேலைகளால் ஆன காந்தா ஒன்றைக் கொணர்ந்து எங்கள் முன் விரித்தார். “பூட்டி வைத்தால் பூச்சிக்கு, தீதி, தைத்துவிட்டால் பிள்ளைக்கு” என்றார். மூத்தவர் தாமே கத்தரியை எடுத்தார்.

தைக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். இரு கைகளாலும் மெல்ல இழுத்தால் உறுதி விளங்கும். இற்ற மடிப்புகளை நீக்கி, இடைப்பட்ட நல்ல துண்டுகளைக் கரை பொருந்துமாறு இணையுங்கள். நான்கு வயதுக் குழந்தையின் பாவாடைக்கு இரண்டு கெஜச் சுற்றளவு போதும். உள்ளே பழைய மல் வேட்டியைக் கொடுத்தால் பட்டுக்குப் பலம். நீளத்தில் ஆறு அங்குலம் மிகையாக விட்டு இரண்டு டக்கு பிடித்தால், குழந்தை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். ஆண் குழந்தைக்குத் தந்தையின் சட்டை உண்டு. கழுத்துப் பட்டை நைந்தாலும் முதுகுப் பகுதி உறுதியாகவே இருக்கும். பித்தான் பட்டியை அப்படியே வைத்து வெட்டினால், காஜா எடுக்கும் வேலையும் மிச்சம்.

தீபாவளியன்று பேத்தி அப்பாவாடையை உடுத்தினாள். வங்காளியும் ஆங்கிலமும் பேசி வளரும் அக்குழந்தை, “இது யாருடைய புடைவை?” என்று கேட்டாள். கும்பகோணத்தைப் பற்றியும், அங்கே வாழ்ந்த தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றியும் அவள் கேட்டறிந்தது அன்றுதான். பெட்டியில் கிடந்த பதினோர் ஆண்டுகளில் அப்புடைவையைப் பற்றி எவரும் எதையும் கேட்டதில்லை. முதல் டக்கைத் தாமே பிரிக்கப்போவதாக மூத்தவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே, தாய்மார்களே, பழந்துணியைப் பாத்திரக்காரரிடம் கொடுக்குமுன், பூட்டிய பெட்டியில் மறந்துவிடுமுன், ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் ஒரு குழந்தைக்கு உடை இருக்கக்கூடும்.